அஞ்சாயிரத்துக்குக் கீழ திருடுனா ஜெயில் இல்லையா? சரியா தப்பா?

செல்வி_அரக்கோணம்:
ஒரு விஷயம் நிறைய பேருக்கு இன்னும் போய்ச் சேரல, அதனால தனித் திரியாவே போடுறேன். 2024 ஜூலை 1ல இருந்து பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு இல்லையா, அதுல தண்டனை வகையில புதுசா சமூக சேவைன்னு ஒண்ணு சேத்திருக்காங்க. தூக்கு, ஆயுள், சிறை, சொத்து பறிமுதல், அபராதம், அதுக்கப்புறம் இது. எல்லா குத்தத்துக்கும் கிடையாது, ஆறே ஆறுக்குத்தான். அரசு ஊழியர் சட்டத்தை மீறி வியாபாரம் பண்றது, கோர்ட்டு அறிவிப்பு போட்டும் ஆஜராகாம இருக்கறது, அதிகாரியை பணிய வைக்க தற்கொலைக்கு முயற்சி பண்றது, குடிச்சிட்டு பொது இடத்துல ரகளை பண்றது, அவதூறு, கடைசியா 5,000 ரூபாய்க்குக் கீழ திருட்டு. திருட்டுல முதல் தடவை மாட்டுனவனா இருக்கணும், பொருளையோ பணத்தையோ திருப்பிக் குடுத்துடணும்.

நான் இதை முழுசா ஆதரிக்கிறேன், இன்னும் நிறைய சின்ன குத்தத்துக்கு இதைக் கொண்டு வரணும்னும் சொல்றேன். 2022 டிசம்பர் 31 கணக்குப்படி இந்தியா முழுக்க ஜெயில்ல 5,73,220 பேர் இருந்தாங்க, அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதி, அதாவது தீர்ப்பே வராதவங்க. நூறு பேர் இருக்க வேண்டிய இடத்துல 131 பேர். இதுல ஒரு ரைஸ் குக்கர் தூக்குனவனையும் கொண்டு போய் அடைச்சு யாருக்கு என்ன லாபம்? அவன் வீட்டுல அடுப்பு எரியாம போறதுதான் மிச்சம்.

ஈரோடு_ஜவுளி:
ஏனுங்க அம்மணி, ரைஸ் குக்கர் தூக்குனவன் வீட்டு அடுப்பு மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா? நான் ஜவுளிக்கடை வெச்சிருக்கறவன், தீபாவளி கூட்டத்துல என்ன நடக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். மூணு பேரா வருவாங்க, ரெண்டு பேரு சேலையை விரிச்சுப் போடச் சொல்லி பேச்சுக் குடுப்பாங்க, மூணாவது ஆளு பைக்குள்ள தள்ளிருவாங்க, ஒரு சேலை மூவாயிரம் நாலாயிரம். கேமராவுல முகம் தெளிவா தெரியுது. ஸ்டேஷனுக்குப் போனா என்ன சொல்றாங்க தெரியுங்களா, "அஞ்சாயிரத்துக்குக் கீழங்க, எஃப்ஐஆர் போட முடியாது, சிஎஸ்ஆர் வாங்கிட்டுப் போங்க"ன்னு. அந்த ரசீதை வெச்சு நான் என்ன பண்றது? பொருள் வராது, ஆளும் வராது. சமூக சேவை தண்டனைன்னு பெருமையா எழுதறீங்களே, முதல்ல ஆளைப் பிடிச்சு கோர்ட்டுல நிறுத்துனாத்தானே தண்டனையே? விலைப்பட்டியல் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருச்சு, 4,999 வரைக்கும் எடுத்துக்கலாம்னு.

சட்டம்_கடமை:
ஜவுளி அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. இந்த சீர்திருத்தம் எங்க போய் முடியும்னு 2024 மே மாசம் புனேவுல பாத்தோமே. 17 வயசுப் பையன் போர்ஷே காரை ஓட்டி பைக்ல போன ரெண்டு இன்ஜினியருங்களைக் கொன்னான், சிறார் வாரியம் என்ன சொல்லுச்சு, 300 வார்த்தையில விபத்து பத்தி கட்டுரை எழுது, டிராபிக் போலீஸ் கூட 15 நாள் வேலை பாருன்னு ஜாமீன். ரெண்டு உயிருக்கு ஒரு கட்டுரை. ஜெயில்னா பயம் இருக்கணும், அந்த பயம்தான் தெருவுல பொண்ணுங்க கழுத்துல செயின் போட்டு நடக்க வைக்குது. சிங்கப்பூரைப் பாருங்க, பிரம்படி வரைக்கும் வெச்சிருக்கான், அங்க எவனாவது வாலாட்டுறானா?

உட்லண்ட்ஸ்_குமார்:
சிங்கப்பூர் பேரை எடுத்ததால வர்றேன், இங்க இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். பிரம்படி இருக்கு, நிஜம்தான். ஆனா குப்பை போட்டு மாட்டுனவனை பொது இடத்துல பளிச்சுனு வெஸ்ட் மாட்டி கூட்ட விடுற உத்தரவு 1992ல இருந்தே இங்க இருக்கு. அதுக்கப்புறம் 2010ல சட்டத்தைத் திருத்தி, சின்ன குத்தத்துக்கு சமூக சேவை, தினம் ஆஜராகி கையெழுத்து, மனநல சிகிச்சை, அதிகபட்சம் 14 நாள் மட்டும் அடைச்சு வைக்கறதுன்னு தனித்தனி உத்தரவு கொண்டு வந்தாங்க. கடுமையான நாடுன்னு நீங்க உதாரணம் காட்டுற ஊரே சின்ன குத்தத்துக்கு ஜெயிலைத் தவிர வேற வழி தேடுது. இங்க பயம் வர்றது வருஷக் கணக்கா அடைச்சு வைக்கறதால இல்ல ப்ரோ, தப்பு பண்ணா மாட்டுவோம்ங்கறதும் கேஸ் சீக்கிரம் முடியும்ங்கறதும்தான் காரணம்.

கருங்கோட்டு_மதுரை:
வக்கீலா இருக்கறதால சில விவரத்தை நேராக்கிடுறேன், அப்பதான் சண்டை சரியான இடத்துல நடக்கும்.

புனே கேஸை இதுக்குள்ள இழுக்காதீங்க. ரெண்டு பேர் செத்தது சின்ன குத்தமே கிடையாது, அந்தக் கட்டுரை தண்டனையும் இல்ல, ஜாமீன் நிபந்தனை, மூணே நாள்ல அதே வாரியம் ரத்து பண்ணிடுச்சு. செயின் பறிப்பும் இதுல வராது. பறிச்சிட்டு ஓடுறதுக்கு பிரிவு 304னு புதுசா தனியாவே போட்டிருக்காங்க, மூணு வருஷம் வரை ஜெயில். வீட்டுக்குள்ள புகுந்து எடுத்தா 305, ஏழு வருஷம். சாதாரண திருட்டுக்கான 303ல ரெண்டாவது தடவை தண்டனைன்னா குறைஞ்சபட்சம் ஒரு வருஷம் கடுங்காவல், அஞ்சு வருஷம் வரைக்கும் போகும். ஐபிசில இந்த குறைஞ்சபட்சமே கிடையாது. அதனால சட்டம் தளர்ந்துடுச்சுன்னு சொல்ல முடியாது, ஒரு பக்கம் தளர்த்தி இன்னொரு பக்கம் இறுக்கியிருக்காங்க.

ஆனா ஜவுளி சார் சொன்ன எஃப்ஐஆர் விஷயம் உண்மை. 5,000க்குக் கீழ திருட்டை போலீஸ் தானா விசாரிக்க முடியாத குத்தமா மாத்திட்டாங்க. புது குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 174படி மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம விசாரணை கிடையாது.

இப்ப என் கருத்து. சின்ன குத்தத்துக்கு தீர்ப்புல ஜெயில் போறவன் ரொம்பக் கம்மிங்க. தீர்ப்புக்கு முன்னாடி ரிமாண்டுல போறவன்தான் கூட்டம் கூட்டமா இருக்கான். எட்டாயிரம் ரூபா செல்போன் எடுத்தான்னு பிடிச்சா ஜாமீன்ல விட முடியாத குத்தம், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறாங்க, பதினஞ்சு நாள் ரிமாண்டு, அப்புறம் இன்னொரு பதினஞ்சு நாள். ஜாமீன் கிடைச்சாலும் ரெண்டு ஜாமீன்தாரர் வேணும், சொத்துக்கு தாசில்தார் சான்று வேணும், ரேஷன் கார்டு வேணும். இவனுக்கு எவன் வந்து கையெழுத்துப் போடுவான்? கடைசியில கேஸ் நடந்து கோர்ட்டு குடுக்கற தண்டனை "இதுவரை இருந்த நாள் போதும்". அந்த நாளை அவன் ஏற்கனவே கழிச்சாச்சு, குத்தம் பண்ணானா இல்லையான்னு எவனும் பாக்கறதுக்கு முன்னாடியே. சமூக சேவைங்கறது தீர்ப்புக்கு அப்புறம் வர்ற சலுகை, அது இந்த ரிமாண்டைத் தொடவே தொடாது. செல்வி அக்கா, நீங்க சொன்ன அந்த 4,34,302 பேர்ல ஒருத்தரும் புது தண்டனை வந்துச்சுன்னு வெளிய வரப்போறதில்ல.

சட்டம்_கடமை:
ரிமாண்டு எதுக்கு சார் இருக்கு? விட்டா ஓடிருவான்னு தானே. அட்ரஸ் இல்லாதவன், வேற மாநிலத்துக்காரன், இவனையெல்லாம் வெளிய விட்டுட்டு எங்க போய் தேடுறது? போலீஸ்காரனும் மனுஷன்தான், ஒருத்தன் பின்னாடியே ஓடிட்டு இருக்க முடியுமா?

கருங்கோட்டு_மதுரை:
வேற மாநிலத்துக்காரன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் 1978ல சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி கிருஷ்ண ஐயர் கைய வெச்சாரு. மோதி ராம்னு மத்தியப் பிரதேசத்து கொத்தனார். சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் குடுத்திருச்சு, கீழ் கோர்ட்டு மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டாரு, அந்தக் காலத்து பத்தாயிரம், அவரோட சகோதரர் வந்து நின்னா உன் சொத்து வேற மாவட்டத்துல இருக்கு, செல்லாதுன்னுட்டாரு. அப்ப கிருஷ்ண ஐயர் கேட்டது, ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தர்லயோ சாந்தினி சௌக்லயோ ஒரு திருட்டு கேஸ்ல மாட்டுனா உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்க போவான்னு. இன்னைக்கு அதைத் திருப்பிப் போடுங்க, திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பாக்கற பீகார் பையனுக்கு இங்க யாரு இருக்கா?

அடுத்த வருஷமே ஹுசைனாரா கத்தூன் வழக்குல பீகார் ஜெயில்ல என்ன தெரிய வந்துச்சு, குத்தம் நிரூபணமானா கிடைக்கிற அதிகபட்ச தண்டனையை விட அதிக காலம் விசாரணைக் கைதியாவே உள்ள இருந்தவங்க. 2014ல அர்னேஷ் குமார் தீர்ப்பு, ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குத்தத்துல யோசிக்காம கைது பண்ணாதே, நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடுன்னு. 2023 ஜனவரியில இன்னொரு உத்தரவு, ஜாமீன் கிடைச்சு ஒரு வாரத்துல ஒருத்தன் வெளிய வரலைன்னா ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்லணும், ஒரு மாசத்துல ஜாமீன்தாரர் கிடைக்கலைன்னா நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு கோர்ட்டே தானா பாக்கலாம். ஏழைக் கைதிக்கு ஜாமீன் தொகை கட்ட 40,000 வரைக்கும், அபராதம் கட்ட 25,000 வரைக்கும் மத்திய அரசு திட்டமே 2023ல வந்துச்சு. எழுத்துல எல்லாம் இருக்கு. ஸ்டேஷன்லயும் ரிமாண்டு கோர்ட்டுலயும் இதை நடத்த வைக்கறதுதான் சீர்திருத்தம்.

கோமதி_விளாத்திகுளம்:
நான் படிச்ச வரைக்கும் எல்லாரும் திருடுனவனைப் பத்தியே பேசுதீய, இல்லன்னா பெரிய கடைக்காரரைப் பத்தி. எங்களை மாதிரி ஆளுக்கு அஞ்சாயிரம்ங்கறது சின்னத் தொகையா? எங்க ஊர்ல ஒரு பொம்பளை ரெண்டு ஆட்டுக்குட்டி வளத்தா, மக பீஸ் கட்டணும்னு. ராத்திரி ஒரு குட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாம்ல. நாலாயிரத்து ஐநூறு பெறும். ஸ்டேஷன்ல போய் நின்னா மாஜிஸ்ட்ரேட்டு உத்தரவு வாங்கிட்டு வாங்கறாவ. அவளுக்கு கோர்ட்டு வாசல் எந்தப் பக்கம்னே தெரியாது. இதுவே ஒரு டாக்டர் வீட்டுல ஐபோன் போச்சுன்னா அன்னைக்கே எஃப்ஐஆர். சட்டத்துல தொகை போடும்போது யார் கணக்குல போட்டாவ? இருக்கறவனுக்கு 5,000 சின்னது, எங்களுக்கு அது ரெண்டு மூணு மாசச் சேமிப்பு. பழைய சைக்கிள், பட்டன் போன், தண்ணி மோட்டாரு, அண்டா, எங்க வீட்டுல திருடுறதுக்கு இருக்கறது எல்லாமே அஞ்சாயிரத்துக்குக் கீழதான். அப்ப எங்க வீட்டுத் திருட்டை போலீஸ் பாக்காதுன்னு சட்டமே எழுதி வெச்ச மாதிரில்லா இருக்கு.

ஜெயில்ல போடுங்கன்னு நான் கேக்கல. தேடுங்கன்னு கேக்கேன்.

செல்வி_அரக்கோணம்:
கோமதி அக்கா சொன்னதுதான் இந்த திரியிலயே முக்கியமான விஷயம். தண்டனையைக் குறைக்கறதும் விசாரணையைக் கைவிடறதும் வேற வேற, ரெண்டையும் ஒரே வரியில கட்டிப் போட்டுட்டாங்க. போலீஸ் வழக்கமா விசாரிக்கட்டும், பொருளை மீட்கட்டும், ஆளை கோர்ட்டுக்கு வரவழைக்கட்டும், அதுக்கப்புறம் தண்டனையில ஜெயிலுக்குப் பதிலா சமூக சேவை குடுங்க.

ஓய்வு_வார்டர்:
முப்பது வருஷத்துக்கு மேல ஜெயில் பணி, கிளைச் சிறையிலயும் இருந்திருக்கேன் மத்திய சிறையிலயும் இருந்திருக்கேன், அதனால என் பேச்சு சிலருக்குப் பிடிக்காது. ஜெயிலுக்கு முதல் தடவை வர்ற சின்னக் கேஸ் பையன் ராத்திரி தூங்க மாட்டான், அழுவான், சாப்பிட மாட்டான். ஒரு வாரம் பத்து நாள் போனதும் யாரோ ஒரு பெரிய கை அவனுக்கு சோப்பு குடுப்பான், பீடி குடுப்பான், வெளிய போனதும் இந்த ஆளைப் பாருன்னு அட்ரஸ் குடுப்பான். மனு போட்டு ஜெயில்ல வந்து பாக்க யாரும் இல்லாத பையனா இருந்தா அவன் அந்தக் கை பக்கம்தான் போவான், வேற போக்கிடம் கிடையாது. போனவன் திரும்பி வரும்போது வேற கேஸ்ல வருவான். நாங்க கண்ணால பாத்துட்டே இருந்தோம், தடுக்க வழி இல்ல, ஒரு பிளாக்குக்கு எத்தனை பேரைப் பாக்கறது?

நன்னடத்தைச் சட்டம்னு 1958லயே ஒண்ணு வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? சின்னத் திருட்டுக்கு எச்சரிச்சு விடலாம், நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில விடலாம், 21 வயசுக்குக் கீழன்னா ஜெயில் போடறதுக்கு ஜட்ஜ் காரணம் எழுதணும். பொருளை இழந்தவருக்கு நஷ்டஈடு குடுக்கச் சொல்லி அதே சட்டத்துல உத்தரவு போடலாம், ஜவுளி தம்பி இதைக் கவனிக்கணும். அறுபது வருஷத்துக்கு மேல சட்டம் இருந்தும் சரியா பயன்படுத்தாத நாடு இது. புதுசா சமூக சேவைன்னு சொல்றாங்க, யார் மேற்பார்வை பாக்கறது, எத்தனை மணி நேரம், எந்த வேலை, எதுவும் சட்டத்துல இல்ல. சமுதாயத்துக்குப் பயன்படற வேலை, கூலி கிடையாது, அவ்வளவுதான் எழுதியிருக்கு.

தர்மபுரி_இளங்கோ:
வார்டர் ஐயா சொன்ன "எந்த வேலை"ங்கறதுல எனக்குப் பெரிய பயம் இருக்கு. 2024 அக்டோபர்லதான் சுப்ரீம் கோர்ட்டு ஜெயில்ல சாதி பாத்து வேலை குடுக்கறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லுச்சு, அந்த வழக்குல பாளையங்கோட்டை ஜெயில் பேரும் வந்துச்சு. அப்படிப்பட்ட நாட்டுல "சமூக சேவை"ன்னு மொட்டையா எழுதி விட்டா என்ன நடக்கும்? வசதியான வீட்டுப் பையனுக்கு மரக்கன்னு நடற வேலை, எங்க ஆளுங்களுக்கு கக்கூஸ் கழுவற வேலை. வேலை லிஸ்ட்டு, மணிக்கணக்கு, எல்லாத்தையும் விதியில எழுதணும், அந்த கோர்ட்டு அந்த நேரத்துக்கு என்ன நினைக்குதோன்னு விடக் கூடாது.

அப்புறம் அந்த "ரெண்டாவது தடவைன்னா ஒரு வருஷம் கட்டாயம்". வக்கீல் சார் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, அது யார் தலையில விழும்னு நான் சொல்றேன். நான் குறவர் சமூகம். வெள்ளைக்காரன் 1871ல போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்துல பின்னாடி எங்களையும் சேத்தான், 1952ல சட்டம் போச்சு, ஸ்டேஷன்ல அந்த நினைப்பு போகல. எங்கயாவது திருட்டுன்னா முதல்ல எங்க தெருவுக்குத்தான் ஜீப் வரும். பழைய கேஸ் எதுலயாவது சேத்து விடுவாங்க. கோர்ட்டுல போனா "ஒத்துக்கோ, சின்ன கேஸ், அபராதம் கட்டிட்டு இன்னைக்கே போயிடலாம்"னு சொல்லுவாங்க. வேலைக்குப் போகணும், பிள்ளைங்க காத்திருக்கும், பண்ணாததை ஒத்துக்கிட்டு வந்துடுவாங்க. இனிமே அப்படி ஒத்துக்கறதெல்லாம் முதல் தண்டனையா கணக்குல ஏறும். அடுத்த தடவை ஜீப் வந்தா ஒரு வருஷம் உறுதி. சலுகைன்னு குடுக்கற சமூக சேவையே எங்களுக்குக் கண்ணி ஆயிடும், ஏன்னா அதுவும் குத்தவாளின்னு தீர்ப்பு சொல்லித்தான் தர்றாங்க.

ஈரோடு_ஜவுளி:
தம்பி, உங்க சமூகத்துக்கு நடக்கறது அநியாயம், அதை மறுக்கற ஆளு நான் இல்லீங்க. கேமராவுல முகம் தெரிஞ்சவனைப் பிடிக்கணும், சந்தேகத்துக்கு ஒரு தெருவையே பிடிக்கறது எனக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, என் சேலையும் வராது. ஆனா ரெண்டாவது தடவைக்கு ஒரு வருஷம்ங்கறதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அதே கும்பல் ஈரோட்டுல எடுத்து, அடுத்த வாரம் கோபியில எடுத்து, அப்புறம் கரூர்ல எடுக்குது. தொழிலாவே பண்றவனுக்கு ரோடு கூட்டற தண்டனை குடுத்தா கூட்டிட்டு மறுநாள் கடைக்கு வருவான்.

நஷ்டஈடுன்னு வார்டர் ஐயா சொன்னது நியாயமாப் படுது. அதைக் கட்டாயமாக்குங்க. சமூக சேவை செய்யறதோட மாசா மாசம் இவ்வளவுன்னு என் கடைக்குக் கட்டட்டும், கட்டலைன்னா உள்ள போகட்டும்.

தர்மபுரி_இளங்கோ:
கட்ட முடியாம போறவனும் உள்ளதானே போவான் அண்ணே? அபராதம் கட்டாம ஜெயில்ல இருக்கறவங்க கதை அதுதானே. கட்ட மாட்டேங்கறவனையும் கட்ட வழி இல்லாதவனையும் கோர்ட்டு விசாரிச்சுப் பிரிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்.

சட்டம்_கடமை:
எல்லாரும் பேசுறதைப் பாத்தா திருடுறதுக்கு நம்மகிட்ட நூறு நியாயம் இருக்கு, சட்டத்துக்கு ஒண்ணு கூட இல்ல. சின்ன குத்தத்தை விட்டா பெரிய குத்தம் வளரும், இது என் அனுபவம். கைது பண்ணக் கூடாது, ரிமாண்டு கூடாது, தண்டனை கூடாது, அப்ப போலீஸ் எதுக்கு?

கருங்கோட்டு_மதுரை:
ரிமாண்டு கூடாதுன்னு இங்க யாரும் சொல்லல, மாஜிஸ்ட்ரேட் ஆளைப் பாத்து, தேவையா இல்லையான்னு யோசிச்சு கையெழுத்துப் போடணும்னு சொல்றோம். 2020 ஜூன் 19, சாத்தான்குளம். செல்போன் கடையை ஊரடங்கு நேரம் தாண்டி திறந்து வெச்சாங்கன்னு ஜெயராஜ், பென்னிக்ஸ்னு அப்பாவையும் மகனையும் பிடிச்சாங்க. கடை திறந்து வெச்சதுங்க, அதை விட சின்ன குத்தம் என்ன இருக்கு? ஸ்டேஷன்ல அடி, மறுநாள் ரிமாண்டு, கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி ராத்திரி மகன் போனாரு, 23ஆம் தேதி காலையில அப்பா போனாரு. ரிமாண்டு பண்ற நேரத்துல அந்த ரெண்டு பேரையும் பக்கத்துல கூப்பிட்டு உடம்புல என்ன காயம்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா? இதை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கோர்ட்டுல நிக்கும்போது உடம்பு கூசும். சின்ன குத்தத்துக்கு கைது எதுக்குன்னு நாங்க கேக்கறது திருடன் மேல இருக்கற பாசத்துல இல்ல சார், கடைக்காரர் மேல இருக்கற அக்கறையிலதான்.

கோமதி அக்காவுக்கு ஒரு வழி சொல்றேன். ஸ்டேஷன்ல எழுதிக்கிட்ட புகார் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்லுங்க. இந்த மாதிரி புகாரோட தினக்குறிப்பை 15 நாளுக்கு ஒரு தடவை மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பணும்னு 174லயே புதுசா இருக்கு. விசாரணைக்கு உத்தரவு கேட்டு ஒரு மனு, அவ்வளவுதான். பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, வட்ட சட்டப்பணிகள் குழுவுல கேட்டா எழுதிக் குடுப்பாங்க.

கோமதி_விளாத்திகுளம்:
சொன்னதுக்கு நன்றி வக்கீல் சார், அவட்ட சொல்லுதேன். ஆனா ஒண்ணு, அந்த மனுவுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போகணும், உத்தரவு வர இன்னொரு நாள், அதுக்குள்ள ஆட்டுக்குட்டி எந்தக் கசாப்புக் கடைக்குப் போச்சோ. ஜெயில் வேண்டாம்னு சட்டம் போட்டவுக, புகார் வாங்குன அன்னைக்கே போலீஸ் தேடணும்னும் அதே சட்டத்துல ஒரு வரி சேத்தா என்ன குறைஞ்சு போச்சு?

ஈரோடு_ஜவுளி:
இந்த ஒரு விஷயத்துல நானும் கோமதி அம்மணி பக்கம்தானுங்க. வணிகர் சங்கத்துல இதை எழுதிக் குடுக்கலாம்னு இருக்கறேன், ஆட்டுக்குட்டியையும் அதுல சேத்துத்தான் எழுதுவேன். ரெண்டாவது தடவை விஷயத்துல மட்டும் தம்பி இளங்கோவுக்கும் எனக்கும் ஒத்து வராது, அதை இன்னும் பேசலாம்.

தர்மபுரி_இளங்கோ:
பேசலாம் அண்ணே. எழுதும்போது ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுன கேஸை முதல் தண்டனையா எடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்குவீங்களா?